சாவி கொடுக்கும் மணிக்கூடுகள்

பொழுதுபோக்கு என்று சொன்னால் எங்கள் தீவுப்பகுதிப் பெண்கள் முதலில் சிரிப்பார்கள். விடியமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கூலி வேலைக்கோ மீன் வேலைக்கோ போய்வந்து, இரவில் கடன் கொப்பியைப் புரட்டும் ஒருத்திக்குப் போக்குவதற்குப் பொழுது எங்கே இருக்கிறது? ஆனாலும் யாருக்காகவும் அல்லாமல் தனக்கென்று செய்யும் ஒரு வேலை பெண்ணுக்கு வேண்டும் என்பது என் எண்ணம். பத்து வருடங்களுக்கு மேலாக வீடு வீடாகப் போய்ப் பெண்களின் துயரத்தைக் கேட்டு எழுதுவதே எனது தொழில். மாலையில் வீடு திரும்பும்போது கேட்டவை எல்லாம் கூடவே வரும். அந்த நேரத்தில் எனக்குத் துணையாயிருப்பவை பழைய கைமணிக்கூடுகள்.

என்னிடம் ஒரு பிஸ்கற் பேணியில் பத்தொன்பது மணிக்கூடுகள் உள்ளன. எல்லாம் சாவி கொடுத்து ஓடுபவை, அல்லது கையசைவில் தானாகச் சாவி ஏறுபவை. விலைகொடுத்து வாங்கியவை சில. “இனி இது ஓடாது, நீ வைத்திரு பிள்ளை” என்று தந்தவையே அதிகம். அவற்றில் பன்னிரண்டு இப்போது ஓடுகின்றன.

ஊர்காவற்றுறையில் இவ்வளவு மணிக்கூடு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். எங்கள் ஊர் பழைய துறைமுகம். கடலோடிகள் வாழ்ந்த இடம். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்து ஆண்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் எழுதுவினைஞர்களாகப் போனார்கள். தீவார் பலர் தென்னிலங்கை நகரங்களில் கடை வைத்திருந்தார்கள். பிறகு மத்திய கிழக்கு நாடுகளுக்குப் போனார்கள். போனவர் திரும்பும்போது கையில் ஒரு மணிக்கூடு இருக்கும். கலியாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு மணிக்கூடும் கொடுத்த வீடுகள் பல. அந்தச் சுவிஸ் மணிக்கூடுகளும் சீக்கோக்களும் இடம்பெயர்வுகளின்போது சேலைத்தலைப்பில் முடியப்பட்டு ஊர் ஊராய் அலைந்தன. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், ஒரு சோடித் தோடு, ஒரு மணிக்கூடு. ஓடும்போது பெண்கள் தூக்கிக்கொண்டு ஓடியவை இவைதான்.

1990இல் தீவகத்திலிருந்து எங்கள் குடும்பமும் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தது. அப்போது நான் கைக்குழந்தை. அந்த ஆண்டிலேயே வடக்கின் மீது பொருளாதாரத் தடை வந்தது. தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றறியும் ஒன்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட கதையை எங்கள் வயதினர் எல்லோரும் கேட்டிருப்போம். மணிக்கூட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1969 டிசம்பர் 25ஆம் திகதி யப்பானின் சீக்கோ நிறுவனம் முதலாவது குவாட்ஸ் கைமணிக்கூட்டை விற்பனைக்கு விட்டது. அதன்பின் வந்த காலத்தில் உலகமே பற்றறி மணிக்கூட்டுக்கு மாறியது. சாவி மணிக்கூட்டை எல்லோரும் பழசு என்று ஒதுக்கினார்கள். பற்றறி இல்லாத யாழ்ப்பாணத்தில் அந்தப் பழசுக்குத் திரும்பவும் மதிப்பு வந்தது. “ரியூசனுக்கு நேரமாச்சோ” என்று கேட்டு அயலட்டைப் பிள்ளைகள் எங்கள் அம்மம்மாவிடம்தான் வருவார்களாம்.

நேரம் என்பது அரசியலும்தான் என்பதைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்குமுன்பே நாங்கள் அறிந்திருந்தோம். 1996 மே மாதம் மின்சார நெருக்கடியைக் காரணமாகக் காட்டி நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னுக்கு நகர்த்தப்பட்டன. அதே ஆண்டு ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு வந்தன. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளோ பழைய நேரத்திலேயே இருந்தன. எனவே ஒரே நாட்டில் இரண்டு நேரம். 2002இல் ஏ-9 பாதை திறந்தபின் முகமாலையைத் தாண்டி வன்னிக்குப் போனோர் முள்ளை அரை மணித்தியாலம் பின்தள்ள வேண்டியிருந்தது. சித்தியின் கடிதத்தில் “பழைய நேரம் பத்து மணிக்கு” என்று எழுதியிருக்கும். 2006 சித்திரைப் புத்தாண்டையொட்டி முழு நாடும் பழைய நேரத்துக்கே திரும்பியது. நேரம் ஒன்றாகி மூன்று ஆண்டுகள் முடியுமுன் அந்தப் பாதையின் அப்பக்கத்தில் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதை இந்த இதழை வாசிப்போருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

திருத்த எனக்குக் கற்றுத்தந்தவர் யாழ்ப்பாண நகரில் ஒரு சிறிய கண்ணாடிப் பெட்டியோடு இருந்த முதியவர். நான் ஐயா என்றுதான் அழைப்பேன். “பொம்பிளைப் பிள்ளைக்கு இது என்னத்துக்கு” என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. ஆனால் மூன்று மாதம் ஒரே ஒரு செத்த மணிக்கூட்டைத் தந்து, கழற்றிப் பூட்டு, கழற்றிப் பூட்டு என்று வைத்தார்.

உள்ளே இருப்பது மாயம் அல்ல. சாவி கொடுக்கும்போது ஒரு சுருள்வில் இறுகுகிறது. அது விரிய முயலும்போது பற்சில்லுகள் சுழல்கின்றன. தடுக்க ஒன்றும் இல்லையென்றால் ஒரு நொடியில் எல்லாம் சுழன்று முடிந்துவிடும். அதைத் தடுத்து, சிறிது சிறிதாக விடுவிப்பது ஒரு சின்ன நெம்பு. அந்த நெம்புக்குத் தாளம் கொடுப்பது, தலைமயிரிலும் மெல்லிய சுருளோடு முன்னும் பின்னும் ஆடும் ஒரு சில்லு. பழைய மணிக்கூடுகள் பலவற்றில் அது மணிக்கு 18,000 முறை அடிக்கும். அப்படியானால் ஒரு நாளைக்கு நான்கு இலட்சத்து 32 ஆயிரம். முழுச் சாவி கொடுத்தால் ஒன்றரை நாளளவுக்கு ஓடும்.

தீவில் மணிக்கூட்டின் முதல் எதிரி உப்புக்காற்று. பின்மூடியின் இறப்பர் வளையம் காய்ந்து வெடித்தால் ஈரம் உள்ளே போய் உருக்குத் துண்டுகள் கறள் பிடிக்கும். இரண்டாவது எதிரி பழைய எண்ணெய். அது காலப்போக்கில் பசைபோல் இறுகிவிடும். ஆகவே திருத்தம் என்பது பெரும்பாலும் சுத்தம் செய்தல்தான். சாவணத்தால் ஒவ்வொரு துண்டாக எடுத்து, கழுவி, உலர்த்தி, ஊசிமுனையளவு புதிய எண்ணெய் விட்டுத் திரும்பப் பூட்டுவது. தேங்காயெண்ணெயோ தையல் மெசின் எண்ணெயோ விடக்கூடாது. “17 ஜுவல்ஸ்” என்று எழுதியிருப்பதைப் பார்த்து உள்ளே விலையுயர்ந்த கற்கள் இருப்பதாக நம்புவோர் உண்டு. அவை அச்சுகள் தேயாமல் இருக்க வைத்த செயற்கை மாணிக்கங்கள். விற்றால் ஒன்றும் வராது. யாரும் அதைச் சொல்லி உங்களை ஏமாற்ற இடங்கொடுக்காதீர்கள்.

பழையதைப் புதிதாக்குவதில் எல்லோரும் ஒத்துப்போவதில்லை. இந்தியாவில் எச்.எம்.ரி. நிறுவனம் யப்பானின் சிற்றிசன் துணையோடு 1961இல் பெங்களூரில் கைமணிக்கூடு செய்யத் தொடங்கியது. அந்தத் தொழிலை மூட 2016இல் இந்திய அரசு முடிவெடுத்தது. அந்த நாட்களில் பழைய எச்.எம்.ரி. மணிக்கூடுகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் பெருகினார்கள். சேர்ப்பவர் பெருகப் பெருக, தேய்ந்த இயந்திரத்தின் மேல் பளபளப்பாகச் சாயம் பூசிய புது முகப்பைப் பொருத்தி விற்பவர்களும் பெருகினார்கள். அறிந்தவர்கள் அதை வாங்கமாட்டார்கள். மங்கிய முகப்பானாலும் அதனுடையதாக இருக்கவேண்டும் என்பார்கள். இந்தப் பாடம் எனக்கு எங்கள் பெண்களிடமிருந்துதான் நன்றாக விளங்கியது.

ஒரு அக்கா கணவரின் சீக்கோவைக் கொண்டுவந்தார். கணவர் காணாமலாக்கப்பட்டவர். கண்ணாடியில் குறுக்காக ஒரு கீறல். மாற்றலாம், கண்ணாடி கிடைக்கும் என்றேன். “வேண்டாம் தங்கச்சி. அது வள்ளம் இழுக்கேக்க பட்டது. எனக்குத் தெரியும்” என்றார். உள்ளே மட்டும் சுத்தம் செய்து கொடுத்தேன். பெரிய ஆண் மணிக்கூடு, மெலிந்த கை. வாரை இரண்டு துளை கூடக் குத்தி அணிந்துகொண்டார். பொட்டு வைக்கிறாள், பூ வைக்கிறாள் என்று அவரைப் பேசிய வாய்கள் இந்த மணிக்கூட்டைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியவில்லை. அது நகையும் அல்ல, அலங்காரமும் அல்ல. ஆனால் அவரைப் பொறுத்தவரை அது எல்லாமும்தான். விசாரணைகளுக்குப் போகும்போதெல்லாம் அதை அணிந்தே போகிறார்.

இன்னொரு அம்மாவின் கதை வேறு. 2009இல் வன்னியிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அவருடைய மகனின் மணிக்கூட்டைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். முள் நாலு இருபதில் நின்றது. “பிள்ளை, அவன் போன நேரம் இதுதானே?” என்று கேட்டார். ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்கு விளக்குக் கொளுத்தி வருகிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. என்ன சொல்வது? ஆம் என்று சொன்னால் அவருக்கு ஒரு நேரமாவது இருக்கும். ஆனால் அவர் கேட்டது என்னிடம் இருந்த அறிவை நம்பி. “அம்மா, இது சாவி மணிக்கூடு. கடைசியாகச் சாவி கொடுத்த பிறகு ஒன்றரை நாள் மட்டும் ஓடித்தான் நிண்டிருக்கும். அது என்ன நேரம் எண்டு இது சொல்லாது” என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப அவன் சாவி குடுத்தது அவ்வளவு நேரம் உள்ளுக்க இருந்திருக்குது” என்றார். திருத்தித் தரவா என்று கேட்டேன். திறக்கவே வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு போனார். விளக்கு இப்போதும் எரிகிறது. ஆனால் பொழுதுபடும் நேரத்தில், வீட்டு வேலை முடிந்த பின்.

ஓடவைப்பது மட்டும் திருத்தம் அல்ல என்பதை அன்று படித்தேன். எதைத் திறப்பது, எதைக் கீறலோடு விடுவது, எதைத் தொடாமல் திருப்பிக் கொடுப்பது என்பதைப் பொருளுக்குரியவர்தான் சொல்ல வேண்டும். எங்கள் சமூகப்பணிக்கும் இது பொருந்தும்.

கைமணிக்கூட்டுக்கும் பெண்களுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1810இல் நேப்பிள்ஸ் அரசி கரோலின் முரா, பிரெகே என்ற கலைஞரிடம் கேட்டுச் செய்வித்ததை முதல் கைமணிக்கூடுகளில் ஒன்றாகச் சொல்வார்கள். நூறாண்டுகள் மட்டும் அது பெண்களின் அணிகலனாகவே கருதப்பட்டது. ஆண்கள் சட்டைப்பையில் மணிக்கூடு வைத்திருந்தார்கள். 1914இல் தொடங்கிய முதலாம் உலகப்போரில், பதுங்குகுழியில் பையைத் துழாவ நேரமில்லாமல் போனதால் ஆண்களும் கையில் கட்டத் தொடங்கினார்கள்.

அந்தப் போர் இன்னொன்றையும் கொண்டுவந்தது. இருட்டில் தெரிவதற்காக முள்ளிலும் எண்களிலும் ரேடியம் கலந்த சாயம் பூசினார்கள். 1917 முதல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் இளம் பெண்கள் அந்த வேலையைச் செய்தார்கள். தூரிகையின் நுனியை உதட்டால் கூராக்கும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஆபத்தில்லை என்றும் சொல்லப்பட்டது. பலருக்குத் தாடை எலும்பு உக்கியது, பலர் இறந்தார்கள். கிரேஸ் ஃபிரையர் என்ற பெண்ணும் இன்னும் நால்வரும் வழக்குத் தொடுத்து 1928இல் இழப்பீடு பெற்றார்கள். தொழிலாளர் பாதுகாப்புக்கு அவர்களுடைய வழக்கு ஒரு திருப்பம். எங்கள் பெண்கள் கையுறை இல்லாமல் மருந்து அடிக்கும்போதும், ஐஸ் தண்ணீரில் நாள்முழுக்க மீன் வெட்டும்போதும் நான் இவர்களைச் சொல்வதுண்டு. “ஆபத்தில்லை” என்று சம்பளம் கொடுப்பவர் சொன்னால் மட்டும் போதாது.

இது வருமானம் தரும் தொழிலா என்று சில தங்கைகள் கேட்டிருக்கிறார்கள். உண்மையைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் இதை நம்பி வாழ முடியாது. எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கிறது. பற்றறி மாற்றுவது, வார் மாற்றுவது என்று சிறு காசு வரலாம். எனக்கு இது தருவது வேறு. ஒரு மணித்தியாலம் கை நடுங்காமல் இருக்க வேண்டும். மூச்சை மெதுவாக விடவேண்டும். அந்த நேரத்தில் மனதில் வேறெதுவும் நிற்காது.

சகோதரிகளே, உங்கள் அலுமாரியில் பழைய மணிக்கூடு ஒன்று இருந்தால் சிலவற்றைக் கவனியுங்கள். நெடுங்காலம் நின்றதைச் சாவி கொடுத்து வலிந்து ஓட்டாதீர்கள். முதலில் சுத்தம் செய்யக் கொடுங்கள். 1960களுக்கு முற்பட்டதாய், எண்களில் மண்ணிறமாகிப்போன சாயம் இருந்தால், ஒளிராவிட்டாலும் அதைத் திறக்கவோ சுரண்டவோ வேண்டாம். ஒளி கெட்டாலும் ரேடியம் கெடாது. அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் வேண்டும். பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். பின்மூடியில் உள்ள இலக்கத்தையும் அது யாருடையது, எப்படி வந்தது என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். படமும் எடுத்து வையுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் சொல்வதற்கு அது வேண்டும். கேட்காவிட்டாலும் பேரப்பிள்ளைகள் வாசிப்பார்கள்.