மலைக்கு வரும் தலைமையாசிரியர்கள்

பொது மாறுதல் கலந்தாய்வு என்றதும் கொடைக்கானல் மேல்மலைப் பள்ளிகளில் ஒரே பேச்சுதான்: 'ஹெச்.எம். சார் போறாராமே?'

மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி பக்கம் வருகிறவர்களில் சிலருக்கு மனசு வத்தலக்குண்டிலேயே நின்றுவிடுகிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குளிர், வாடகை வீடு, பஸ், கீழே படிக்கும் சொந்தப் பிள்ளைகள்.

ஆனால் பூண்டு அறுவடை வந்தால் எந்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருக்காது, யாரைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிடுவார்கள் என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஊரோடு பழகித்தான் தெரிய வேண்டும். தெரிந்துகொண்ட கையோடு மாறுதல் ஆணை வந்துவிடுகிறது. அடுத்தவர் மறுபடி அ, ஆவிலிருந்து.

மேலிடத்திலும் இதே கதைதான். 2018இல் தொடக்கக் கல்வியையும் முதன்மைக் கல்வி அலுவலரின்கீழ் கொண்டுவந்தார்கள். 2022இல் தொடக்கக் கல்விக்குத் தனி மாவட்டக் கல்வி அலுவலர் என்றார்கள். ஆள் மாறுவது போதாதென்று நாற்காலியும் மாறுகிறது!

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. நெ.து. சுந்தரவடிவேலு 1954இல் கல்வித்துறை இயக்குநரானார். 1956இல் மதிய உணவு, பிறகு ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். தொடங்கியவரே கூட இருந்து வளர்த்தார். காமராஜரின் ஆதரவு பெரிது. கொடுத்த அவகாசமும் பெரிது என்பேன்.

நிலைத்திருந்தால் மட்டும் போதாது, சோம்பேறி நிலைத்தால் பள்ளி படுத்துவிடும், சரிதான். உழைக்கிறவரையாவது விட்டுவையுங்கள். மலைப் பள்ளித் தலைமையாசிரியருக்குக் குடியிருப்பு கொடுங்கள். ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பத்தாவது எழுதும்வரை அவரை அங்கேயே இருக்க விடுங்கள்.

கல்வித்துறை நண்பர்கள் இதை மேலே கொண்டுபோங்கள்.