பதினைந்தாவது பெயர்

ஹாஸ்டலில் எல்லோரும் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் செல்போனும் நோட்டுமாக மூலையில் உட்கார்ந்திருந்தேன். பழைய பாஸ்கெட்பால் மேட்ச். அமெரிக்காவின் சான் டியாகோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி, 2011. ஆள், கவாய் லெனர்ட். விங் ஆட்டக்காரர், வயது 19. பின்னால் என்ன ஆனார் என்பதை மறந்துவிட்டு, டிராஃப்டுக்கு ஆள் பார்க்க வந்தவன் மாதிரி எடை போட வேண்டும். எனக்கு நானே வைத்துக்கொண்ட பரீட்சை!

உயரம் 6 அடி 7 அங்குலம். இரு கையையும் விரித்தால் 7 அடி 3 அங்குலம்! மேட்சுக்குச் சராசரி 15.5 புள்ளி, 10.6 ரீபவுண்ட். எதிரி கையில் பந்து இருந்தாலும் இவர் கைதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் மூன்று புள்ளி ஷாட்? நூற்றுக்கு 29தான். "தூரத்து ஷாட் வராது. வேண்டாம்" என்று எழுதினேன்.

அந்த ஜூன் மாத டிராஃப்டில் 15-வது பெயராகத்தான் கூப்பிட்டார்கள். எடுத்தது இண்டியானா, அன்றிரவே ஜார்ஜ் ஹில்லைக் கொடுத்து சான் அன்டோனியோ வாங்கிக்கொண்டது. அங்கே சிப் எங்கெல்லாண்ட் என்ற ஷூட்டிங் கோச், இவர் பந்தை விடும் விதத்தைத் திருத்தினார். முதல் சீசனிலேயே நூற்றுக்கு 37! 2014 இறுதித் தொடரில் சிறந்த ஆட்டக்காரர் விருதும் இவருக்கே.

நம்ம டீம் செலக்‌ஷனில் கேப்டன் என்னிடமும் கருத்துக் கேட்டார். ஃபர்ஸ்ட் இயர் தம்பி ஒருத்தன், நீளக் கைக்காரன். பத்து ஷாட்டில் இரண்டுதான் விழுந்தது. "வேணாம்ண்ணே" என்றேன்.

அவன் இப்போது சாயங்காலம் வாலிபால் ஆடுகிறான். நாளைக்குப் போய்க் கூப்பிடணும். வருவானா, தெரியல.