பழுது பார்க்கும் கல்வி

கல்வி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவருள் பெரும்பாலார்க்குப் பள்ளிக்கூடமும் புத்தகமும் பரீட்சையுமே நினைவிற்கு வருகின்றன. இவை வேண்டுவனவே என்பதில் ஐயமில்லை. ஆயினும் பரீட்சை எழுதாமல், கையாலும் கண்ணாலும் காதாலும் கற்கப்படும் கல்வியொன்றும் நம்மிடையே உண்டு. பழைய மோட்டார் வண்டியைப் பழுது பார்த்து, அதற்கு வேண்டிய சாமான்களைத் தேடிப் பிடித்து, மலைப்பாதையில் உயிருக்கு மோசமின்றி ஓடச் செய்யும் கல்வியே அது. கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, இன்று அம்மலையிலேயே காய்கறி ஏற்றிப் பிழைக்கும் நாம், இக்கல்வியின் தன்மையைப் பற்றிச் சில கூற விரும்புகின்றோம்.

பகாங் மாநிலத்தைச் சேர்ந்த இம்மலைக்கு, 1885ஆம் ஆண்டில் நில அளவை செய்ய வந்த வில்லியம் கேமரன் என்பாரின் பெயர் வழங்குகின்றது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார்; 1933இல் பாரத் தோட்டம் தோன்றியது. காட்டை அழித்துச் சரிவைத் திருத்தித் தேயிலை நட்டவருள் நம் முன்னோர் பலர். கொய்த இலை அன்றைக்கே ஆலை சேர வேண்டும். குவியலாகக் கிடந்தால் சூடேறிக் கெட்டுவிடும். தோட்டத்திற்கு வெளியே சரிவுகளில் விளையும் முட்டைக்கோசும் தக்காளியும் வெங்காயத் தாளும் அவ்வாறே காத்திருக்க மாட்டா. பாத்தியிலிருந்து பெருஞ்சாலை வரை உள்ள செம்மண் தடத்தில் அவற்றைச் சுமந்து வருவது சிறு வண்டி. அங்கிருந்து கீழ்நாட்டுச் சந்தைக்குக் கொண்டு செல்வது லாரி. சிறு வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய விளைவு வீண். அதை ஏற்றி இறக்குவார்க்கு அன்றைய கூலியும் இல்லை.

இச்சிறு வண்டியாக இம்மலையில் நெடுங்காலம் உழைத்து வருவது லேண்ட் ரோவர். அதன் பிறப்பு வரலாறு நம் பொருளுக்கு மிகப் பொருத்தமானது. இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளராயிருந்த மாரிஸ் வில்க்ஸ் என்பார், இரண்டாம் உலகப் போருக்குப்பின் தம் பண்ணையில் படையினர் கழித்த ஜீப் ஒன்றை வைத்துக்கொண்டிருந்தார். அது தேய்ந்தபின் வேறெதை வாங்குவது என்ற கேள்விக்கு விடையாகவே புதிய வண்டியொன்றைச் செய்ய முனைந்தார். 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அவ்வண்டி உலகின் முன் வைக்கப்பட்டது. கிழட்டு வண்டியொன்றின் கவலையிலிருந்து பிறந்தது லேண்ட் ரோவர் எனில் மிகையன்று.

அதே 1948இல் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. 1960 வரை நீடித்தது. அக்காலத்தில் பிரிட்டிஷ் படையினர் இவ்வண்டிகளை இந்நாட்டில் ஓட்டினர். பின்னர் அத்தகைய வண்டிகள் குடிமக்கள் கைக்கும் வந்தன. மலைக் குடியானவர் அவற்றின் பின்புறத்தைத் திறந்த பெட்டியாக்கிக் காய்கறிக் கூடை ஏற்றினர். நம்மிடமுள்ள பிக்கப், 1971 முதல் 1985 வரை செய்யப்பட்ட மூன்றாம் சீரீஸைச் சேர்ந்தது. அந்த வமிசத்தின் கடைசி வண்டி 2016 ஜனவரி 29ஆம் நாள் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. கம்பெனியோ 2008இல் இந்தியாவின் டாட்டா வசமாயிற்று. இத்தனை மாற்றங்களுக்குப் பின்னும் நம் கிழட்டு வண்டி ரிங்லெட் சரிவில் முனகிக்கொண்டு ஏறுகின்றது. புதிய வண்டி வாங்கும் வசதி நமக்கிருந்தால் வாங்கியிருப்போம். வறுமையைப் பெருமையாகப் பேசுவது நம் கருத்தன்று.

இவ்வண்டி இத்தனைக் காலம் நிலைப்பதற்குக் காரணம் யாது? போருக்குப்பின் இங்கிலாந்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்தது. ஆகவே மேற்கூட்டை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தனர். அது எஃகைப் போல் துருப்பிடிப்பதில்லை. ஆனால் அடியில் அனைத்தையும் தாங்கும் சேசி எஃகால் ஆனது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இம்மலையில், பெட்டி போன்ற அச்சட்டத்தினுள் சேறும் நீரும் புகுந்து தங்க, துரு உள்ளிருந்தே தின்னத் தொடங்குகின்றது. அலுமினியமும் எஃகும் நேரே தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஈரம் பட்டால், அலுமினியமும் வெண்பொடியாய் உதிர்கின்றது. பளபளக்கும் வர்ணத்தைக் கண்டு வண்டி வாங்குவோர் மோசம் போவது இதனாலேதான். நம் மெக்கானிக் வர்ணத்தைப் பார்ப்பதே இல்லை. சிறு சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் படுத்துச் சேசியை அடிக்கு அடி தட்டிக்கொண்டே வருவார். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருத் தின்ற இரும்பு மண்பானை போல் மந்தமாய் ஒலிக்கும். அவ்வொலி கேட்டுத் தேர்வதற்கு அவருக்கு எத்தனை ஆண்டுகள் ஆயினவோ!

அவர் நமக்குக் கற்பித்த பாடத்தின் சாரம் யாதெனில், வண்டிச் சாமான்கள் மூவகைப்படும் என்பதாம். ஒட்டியும் தட்டியும் சீர்செய்து கொள்ளத்தக்கன ஒருவகை. வேறு வண்டியிலிருந்து எடுத்து மாட்டிக்கொள்ளத்தக்கன மற்றொருவகை. புதியது வாங்கினாலன்றி வண்டியை எடுக்கவே கூடாதென்பன மூன்றாம் வகை. எது எவ்வகை என்று பிரித்தறிவதே பழுது பார்க்கும் கல்வி. திருகு முடுக்கப் பலரும் கற்றுக்கொள்ளலாம். முடுக்கக் கூடாததைக் கண்டு கைவிடுபவரே தொழில் தெரிந்தவர்.

முதல்வகையில் கதவு, தகடு, பின்பெட்டி, இருக்கை போன்றன அடங்கும். கோழிக்கூட்டுக் கம்பி கொண்டு கட்டினாலும் குற்றமில்லை. கண்ணுக்கு அழகில்லையே தவிர உயிருக்கு ஆபத்தில்லை.

இரண்டாம் வகையில் இயந்திரமே அடங்குகின்றது என்றால் வியப்பாயிருக்கலாம். இவ்வண்டியின் சொந்த இயந்திரம் 2,286 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ளது. அது தேய்ந்தபின், 'ஹாப்-கட்' என்று சொல்லி ஜப்பானிலிருந்து பாதியாய் அறுத்து இறக்குமதியாகும் வண்டிகளிலிருந்து டீசல் இயந்திரத்தை எடுத்துப் பொருத்துவோர் உளர். அது நடக்கும் வேலையே. ஆனால் அங்கும் ஒரு கண்ணி உண்டு. பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் மரையாணிகள் அங்குலக் கணக்கில் மரை வெட்டப்பட்டவை. ஜப்பானியச் சாமான்களோ மில்லிமீட்டர்க் கணக்கு. ஒன்றன் நட்டு மற்றொன்றன் போல்ட்டில் இரண்டு சுற்று ஏறும்; பொருந்திவிட்டது போல் தோன்றும்; வலிந்து முடுக்கினால் மரை அழியும். அழிந்த மரை குலுங்கும் பாதையில் எந்த நேரமும் கழன்றுவிடும்.

ஒரு மாலை, முட்டைக்கோசுப் பாரத்தோடு மேடேறுகையில் 'டக்'கென்று ஓர் ஒலி கேட்டது. இயந்திரம் ஓடுகின்றது, கியர் விழுகின்றது, வண்டி மட்டும் நகரவில்லை. பின் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் ஷாப்ட் முறிந்துவிட்டது. அதிகப் பாரத்தில் அது முறிவது இவ்வண்டிக்குப் பழகிய நோய். கைத்தொலைபேசியில் மெக்கானிக்கை அழைத்து, "அண்ணே, பின்னால் ஷாப்ட் போய்விட்டது" என்றோம். அவர் கேட்ட முதற்கேள்வி: "தம்பி, சக்கரத்துக்குக் கல் வைத்தாயா? கைபிரேக்கை நம்பாதே!" காரணம் பின்னரே விளங்கிற்று. இவ்வண்டியில் கைபிரேக் சக்கரத்தில் இல்லை. கியர்ப்பெட்டியின் பின்னுள்ள தண்டைப் பிடிப்பது. ஷாப்ட் முறிந்தபின் அத்தண்டுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அற்றுப்போவதால், கைபிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் வண்டி பின்னோக்கி உருளும். கல் வைத்து, பாரத்தில் பாதியை இறக்கி, சக்கரத்தின் நடுவிலுள்ள ஆறு போல்ட்டுகளைக் கழற்றி முறிந்த துண்டை உருவி எடுத்தோம். சக்கரம் ஷாப்ட்டின் மேல் நில்லாமல் ஆக்ஸில் கூட்டின் பேரிங்குகளில் நிற்பதால் அது கழன்று விழுவதில்லை. பின்னர் நான்கு சக்கர ஓட்டத்துக்கு மாற்ற, முன்சக்கரங்கள் இரண்டும் வண்டியை வீடு வரை இழுத்து வந்தன. அன்று நம்மைக் காத்தது மெக்கானிக் தொலைவிலிருந்து சொன்ன ஒரு வாக்கியம்.

மூன்றாம் வகைக்கு வருவோம். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் இவ்வகை. ரிங்லெட்டிலிருந்து தாப்பா வரை பாதை வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டே இருக்கும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் டிரம் கொதிக்கும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரமேறிய பழைய எண்ணெய் அச்சூட்டில் ஆவியாகிவிட, மிதி தரை வரை இறங்கும், வண்டி நில்லாது. ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதிலேயே இறங்குக என்பது முதல் விதி. எண்ணெயைக் காலந்தவறாது மாற்றுக என்பது இரண்டாவது.

இவ்வகைச் சாமானில்தான் போலிகள் மலிந்திருக்கின்றன. கீழ்நாட்டுப் பட்டணத்துக் கடையொன்றில் பிரேக் வீல் சிலிண்டர்கள் வாங்கி வந்தோம். பெட்டியும் எழுத்தும் முத்திரையும் அசலை உரித்து வைத்தாற்போலிருந்தன. விலையும் சற்றே குறைவு. மெக்கானிக் அதைப் பிரித்து, உட்சுவரில் சுண்டுவிரல் நகத்தை மெல்ல ஓடவிட்டார். "நகம் தட்டுகிறது, தம்பி. இது ரப்பரைத் தின்னும். ஒரு மழைக்குள் ஒழுகும்" என்று கூறித் திருப்பித் தந்தார். நம் வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் எண்ணெய் செல்லும் வழி ஒன்றே; ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போயின. கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தார். பணம் போனது வருத்தமே. எனினும் அச்சிலிண்டர்கள் வண்டியில் ஏறவில்லை.

அப்படியாயின் நல்ல சாமானை எங்ஙனம் தேடுவது? பழைய இரும்புக் கடைகளில் துருவேறிய குவியலுக்கிடையே, நாம் தேடும் கியர்ச்சக்கரம் தேயாமல் கிடப்பதுண்டு. ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் சாமான் விசாரிப்பதுண்டு. வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைப்பாருமுளர். எங்குச் சென்றாலும் கையில் இருக்கவேண்டியது சாமானின் எண். இவ்வண்டியின் பழைய சாமான்கள் பலவற்றுக்கு ஆறு இலக்க எண்ணும், பிற்காலத்தன பலவற்றுக்கு 'ஆர்.டி.சி.' என்னும் எழுத்துகளோடு கூடிய எண்ணும் உண்டு. "லேண்ட் ரோவர் பிரேக் சாமான் கொடுங்கள்" என்று கேட்பவருக்குக் கடைக்காரர் கையில் அகப்பட்டதைக் கொடுப்பார். எண்ணைச் சொல்லிக் கேட்பவருக்கு அதே எண்ணுள்ளதையே எடுத்து வைப்பார்.

இத்தேட்டத்தில் இனவேற்றுமை தலைகாட்டுவதில்லை. சீனத் தவுக்கேயின் கொட்டகையில் கிடைத்த கியர்ச்சக்கரத்தை மலாய் நண்பர் தம் வண்டியில் ஏற்றிக் கொணர, தமிழ் மெக்கானிக் பொருத்துகின்றார். மெக்கானிக்கை இந்நாட்டில் யாவரும் 'போமன்' என்றே அழைக்கின்றனர். ஆங்கிலத்தில் மேற்பார்வையாளனைக் குறிக்கும் 'போர்மன்' என்னும் சொல்லே மலாய் வழக்கில் இவ்வாறு மருவிற்று. பெயரில் மேற்பார்வை இருக்கின்றது. ஊரார் பார்வையிலோ அவர் கறைபடிந்த சட்டைக்காரர். ஆபீசில் பேனா பிடிப்பவருக்கு நாற்காலி தரும் நம்மவர், பல உயிர்களை மலையிறக்கிக் காக்கும் கைக்கு வாசற்படியைக் காட்டுகின்றோம். இது நியாயமா என்று வாசக அன்பர்கள் எண்ணிப் பார்ப்பாராக.

இதனால் விளையும் கேடு ஒன்றுண்டு. மதிப்பில்லாத தொழிலைத் தம் பிள்ளைக்குக் கற்பிக்க எந்தத் தகப்பனும் விரும்பான். நம் போமனுக்கு வயதாகிவிட்டது. அவர் பட்டறையில் சுத்தியல் ஒலி கேட்கத் தெரிந்த இளைஞர் எவருமில்லை. அவருக்கு எழுத்துச் சான்று யாதொன்றும் இல்லாமையால், பெரிய பட்டறையில் வேலை கேட்டால் நேற்றுப் படித்து வந்தவருக்கும் கீழே நிற்கவேண்டியவராகின்றார். ஆனால் இதற்கு வழியில்லாமலில்லை. 2006ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் மலேசியத் திறன் சான்றிதழை, வகுப்பில் உட்காராமலே, பல்லாண்டு வேலையில் பெற்ற தேர்ச்சியை மெய்ப்பித்துக் காட்டியும் பெறலாம். முன்னடைவு அங்கீகாரம் என்பது அம்முறை. தோட்டத்துப் பட்டறைகளில் உழைக்கும் நம்மவர் இதனைக் கேட்டறிந்து பயன்கொள்ள வேண்டும். எழுதப் படிக்க அறிந்த பிள்ளைகள் பெரியவர்களுக்காக அவ்விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பது பெருந்தொண்டாகும்.

மற்றொன்றும் சொல்வோம். வண்டி வைத்திருப்போர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்தல் வேண்டும். எந்தச் சாமான், என்ன எண், எந்த நாளில் மாற்றியது, எங்கு வாங்கியது, எத்தனை நாள் உழைத்தது என்பவற்றைத் தமிழிலே எழுதி வரவேண்டும். போமன் வேலை செய்கையில் அருகில் நின்று, ஏன் இப்படிச் செய்தீர் என்று கேட்டு அதையும் எழுத வேண்டும். நாம் கடந்த ஓராண்டாக அவ்வாறு எழுதி வருகின்றோம். புத்தகத்தில் எண்ணெய்க் கறை பட்டிருக்கின்றது, ஆயினும் எழுத்து தெளிவாகவே உள்ளது. சேசி முற்றும் துருவேறி ஒரு நாள் இவ்வண்டியை நாம் கைவிட நேரும். கைவிடவேண்டிய நாளை அறிவதும் இக்கல்வியின் ஒரு பகுதியே. அப்பொழுது அப்புத்தகம், வேறொரு கிழட்டு வண்டியோடு இம்மலையில் பிழைக்க முயலும் இளைஞன் ஒருவனுக்கு உதவும். நம் ஊர்களில் இத்தகைய புத்தகங்கள் பத்து உண்டானால், தமிழ்ப் பள்ளி நூலகத்தில் ஓரிடம் கொடுத்து அவற்றை வைக்கத் தலைமையாசிரியர்கள் முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.