உயிர்பெறாத கம்ப்யூட்டர்

காமராசர் நீர்த்தேக்கத்தை அடுத்த எம் ஆத்தூர் உழவர்க்குக் கிணற்று மோட்டாரின் குணம் நன்கு தெரியும். மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை தவறின், அஃது உறுமுமேயன்றிச் சுழலாது. இவ்வறிவு கம்ப்யூட்டருக்கும் பயன்பட்டதை ஈண்டுக் கூற விழைகின்றேன்.

தேங்காய் விற்ற பணத்தில் உறுப்புக்களைத் தனித்தனியே வாங்கி, எனது இளவல் ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டி முடித்தான். பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் சுழன்றன. திரையோ இருண்டே கிடந்தது. பிராசசர் பழுதாயின் ஓராண்டுச் சேமிப்பும் வீணென்று அவன் முகம் வாடிற்று. மதர்போர்டு, பிராசசர், அதன் விசிறி, ஒரே ரேம் தகடு ஆகியவற்றை மட்டும் நிறுத்தி, ஏனையவற்றைக் கழற்றிச் சோதித்தோம், பயனில்லை.

அருகிருந்த தந்தையார், “எல்லா முனையிலும் மின்சாரம் வருகிறதா, தம்பி?” என்று வினவினார்.

மதர்போர்டுக்கு 24 முனைச் செருகி ஒன்றும், பிராசசருக்கென 12 வோல்ட்டு தரும் 8 முனைச் செருகி ஒன்றும் உண்டு. முன்னது விசிறிகளைச் சுழற்றப் போதும்; பின்னதின்றிப் பிராசசர் இயங்காது. அதுவே கொக்கி விழாமல் தளர்ந்திருந்தது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ‘டக்’கென்று ஒலிக்கும்வரை அழுத்தினோம். மீண்டும் இயக்கியபோது திரை ஒளிர்ந்தது.

நண்பர்காள்! ஒன்றைப் பழுதென்று தள்ளுமுன், அதற்கு வரவேண்டியது வந்து சேர்ந்ததா என ஆராய்தல் நன்று. எம் தந்தையார் கம்ப்யூட்டரை ஒருநாளும் தொட்டவரல்லர்; ஆயினும் அதனை இயக்கியது அவரது வினாவே.