காப்புக்கட்டும் கையெழுத்து நோட்டும்

கேரளம் முழுக்கப் பொங்கலுக்குப் பள்ளி லீவு கிடையாது. தமிழ்நாட்டை ஒட்டிய இடுக்கி, பாலக்காடு போன்ற சில மாவட்டங்களுக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். இடுக்கியின் பள்ளிவாசல் என்ற ஊரில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த எங்களுக்கு, ஓணம் லீவு எத்தனை நாள் வந்தாலும் இந்த ஒரு நாள்தான் எங்களுடையது.

அதைத்தான் என் மகனிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், எல்.கே.ஜி.யில் இங்கிலீஷ். பிள்ளை குழம்பிவிடுவானோ என்று எனக்குப் பயம். லீவு விட்டாலே படத்துக்கு ஒரு சொல்லாக நோட்டில் எழுதவைப்பேன். பொங்கலுக்கு முந்தின நாளான போகியன்றும் அதேதான். அம்மா, போடிநாயக்கனூரிலிருந்து வரவழைத்த ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேப்பிலையுமாக உட்கார்ந்து, "வாடா தங்கம், காப்புக் கட்டலாம்" என்பார். "எழுதி முடிக்கட்டும்மா" என்பேன். அவன் முடிப்பதற்குள் கொத்து கூரையில் ஏறியிருக்கும்.

அம்மாவின் கொழுந்து பறிக்கும் வேலை முடிந்தது. வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் விட வேண்டும். அம்மா போடிக்குப் போய்விட்டார். நாங்கள் வாடகை வீட்டுக்கு மாறினோம்.

அடுத்த பொங்கலுக்குப் போடி போனோம். கடைக்குப் போய்த் திரும்பிய அண்ணனிடம் அவர் மகள் ஓடினாள். "பால் பொங்குறதுக்குள்ள அடுப்பு அணைஞ்சுபோச்சுப்பா, நாந்தான் ஊதுனேன், புகை கண்ணுக்குள்ள போயி..." மூச்சு விடாமல் சொன்னாள். என் மகன் வயசுதான் அவளுக்கும்.

"நீ சொல்லுடா மாப்ள, என்ன நடந்துச்சு?"

அவனும் அடுப்பை ஒட்டித்தான் நின்றிருந்தான். யோசித்தான்.

"பானை."

அண்ணன் காத்திருந்தார்.

"கரும்பு."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான். நோட்டில் ஒரு சொல் எழுதி முடித்ததும் சரியா என்று பார்ப்பானே, அந்தப் பார்வை. நான் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். அதைப் பிசகாமல் சொன்னான்.

காப்புக் கட்டும்போது அம்மா என்ன பேசுவார் என்று அன்று ராத்திரி நினைத்துப் பார்த்தேன். முதலில் எதை வைக்கணும், வேப்பிலை எதுக்கு, நூல் பத்தலைன்னா என்ன செய்ய? கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பொறுத்திருப்பார். தப்பாகச் சொன்னால் கண்டிக்காமல், அதையே சரியாகச் சொல்லிவிட்டு மேலே போவார். நான் பேசப் பழகியதே அப்படித்தான்.

இந்த ஏப்ரல், மே லீவுக்கு அவனை அம்மாவிடம் விட்டிருக்கிறேன். நோட்டு கொடுத்தனுப்பவில்லை. மொட்டைமாடியில் வடகம் போடுகிறார்களாம். காக்கா தூக்கிக்கொண்டு போன கதையை நேற்று போனில் சொன்னான். பாதி மலையாளம், பாதி தமிழ். இன்னும் ஒரு வாரம் கூடுதலாக இருக்கட்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால், லயத்தில் அம்மா பக்கத்திலேயே இருந்த வருஷங்களை இந்த லீவால் ஈடுகட்ட முடியாது.