பொல்கொட வாவியில் ஒரு பாய்ப்படகுப் போட்டி

கொழும்பிலிருந்து காலி வீதி வழியாகத் தெற்கே செல்வோர், மொறட்டுவை நகரை அதன் தச்சுத் தொழிலைக் கொண்டே அறிவர். மரத்தூள் மணமும் வாளின் ஓசையும் நிறைந்த அந்நகருக்குக் கிழக்கே, தென்னஞ் சோலைகளுக்கு அப்பால், பொல்கொட வாவி பரந்து கிடக்கின்றது. வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரு பெரும் நீர்ப்பரப்புகள். அவற்றை இணைப்பது ஓர் ஆறு. இந்நீர் பாணந்துறையிற் கடலோடு கலக்கின்றது. சோழகம் வீசும் நாட்களில், ஒரு வார இறுதியில், இவ்வாவியில் நடைபெற்ற பாய்ப்படகுப் போட்டியில் நண்பர் ஒருவருடன் நாமும் பங்குபற்றினோம்.

எமக்குக் கிடைத்தது ‘ஜீ.பீ. 14’ என்னும் வகைப் படகு. நீளம் 14 அடி, செலுத்துவோர் இருவர். ஜாக் ஹோல்ட் என்னும் ஆங்கிலேயர் 1949ஆம் ஆண்டில் இதனை வடிவமைத்தார். ஆர்வமுள்ளோர் தம் வீட்டிலேயே ஒட்டுப்பலகை கொண்டு கட்டிக்கொள்ள வேண்டுமென்பது அவரது நோக்கம். நண்பர் சுக்கானைப் பற்றினார். முன்பாயின் கயிறு எம் கையில் இருந்தது.

பாய் விரித்தோடுவது நம்மவர்க்குப் புதிதன்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தையே சென்றடைந்தது. ஆயினும், வாவிக் காற்றின் குணம் வேறு. திறந்த கடலிற் பெரும்பாலும் சீராக வீசும் சோழகம், இங்கே மரங்களையும் வீடுகளையும் கடந்து துண்டு துண்டாகவே வந்து சேர்கின்றது. ஓரிடத்தில் நீர் கறுத்துச் சிலிர்த்தால் அங்கே காற்று உண்டு. சற்றுத் தள்ளி நீர் கண்ணாடி போற் கிடந்தால், அங்கே சென்ற படகின் பாய் துவண்டு விடும். ஆகவே, வல்லவன் பாயை மட்டும் நோக்குவதில்லை; நீரையும் படிக்கின்றான்.

புறப்படுவதற்கு ஐந்து நிமிடங்கள் இருக்கும்போது முதற்கொடி ஏறும். நடுவர் படகுக்கும் ஒரு மிதவைக்கும் இடையே கற்பனையாக ஒரு கோடு. குறித்த கணத்துக்கு முன் அதனைத் தாண்டியவர் திரும்பி வந்து மீண்டும் தொடங்க வேண்டும். காற்றை எதிர்த்து நேராகச் செல்லப் பாய்ப்படகால் இயலாது. வலமும் இடமுமாக மாறி மாறிச் சாய்ந்தே முன்னேற வேண்டும். எதிரெதிராக இரு படகுகள் நெருங்கினால், வலப்புறத்திற் காற்றைப் பெறும் படகுக்கு மற்றையது வழிவிட வேண்டும். மிதவையைத் தொட்ட படகு தானாகவே விலகி ஒரு முழு வட்டம் சுழன்று, பின்னரே ஓட்டத்தைத் தொடரலாம்.

சனி, ஞாயிறு இரு தினங்களிலும் பல ஓட்டங்கள். முதலாவது வருபவருக்கு ஒரு புள்ளி, இரண்டாவது வருபவருக்கு இரண்டு. ஈற்றிற் குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். கடைசி ஓட்டத்துக்கு முன், மூன்றாம் பரிசுக்கு உரியவராக வெள்ளவத்தை மாணவர் இருவரும் நாமும் சமமாக நின்றோம். அவ்வோட்டத்தில் அவர்களே எமக்கு முன்னாற் சென்றனர். கரையோர மிதவையைச் சுற்றித் திரும்பியதும், அவர்களது படகு திடீரென விலகி ஒரு வட்டமிட்டது. காரணம் எமக்கு விளங்கவில்லை. சுழன்ற இடத்திற் காற்றும் இல்லாது போயிற்று. நாம் அவர்களைக் கடந்தோம்; எமக்குப் பின்னால் வந்த மூன்று படகுகளும் கடந்தன.

கரையில் அவர்களைக் கண்டு விசாரித்தோம்.

“படகின் ஓரம் மிதவையில் உரசிவிட்டது, ஐயா,” என்றான் சுக்கான் பிடித்தவன்.

“நடுவரும் காணவில்லை, நாமும் காணவில்லையே, தம்பி?”

“நான் கண்டேனே, ஐயா.”

பரிசளிப்பில் அச்சிறு கிண்ணம் எம் கைக்கு வந்தது. அனைவரும் கைதட்டினர், அம்மாணவர்களும் தட்டினர். அதனை இன்றும் எம் இல்லத்தில் வைத்திருக்கின்றோம். வருவோர் கேட்கும்போது அம்மாணவரின் கதையையே முதலிற் சொல்லுகின்றோம்.

படகைக் கழுவியபோது, நீரின் கீழே இறங்கும் நடுப்பலகையிற் கிழிந்த பொலித்தீன் பை ஒன்று சுற்றியிருக்கக் கண்டோம். பொல்கொட வாவி 2009ஆம் ஆண்டிற் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. சட்டம் உண்டு, எனினும், இத்துணைப் பெரிய வாவியின் கரை முழுவதும் எந்நேரமும் நின்று பார்க்க எவரால் இயலும்? அப்பையை எறிந்தவரையும் எவரும் கண்டிருக்க மாட்டார், அவரைத் தவிர.