பித்தளைப் பட்டைக்குக் கறுப்புச் சட்டை

1980களில் கட்டிய அமெரிக்க வீடுகள் பலவற்றில் குளியலறைக் கண்ணாடிக்கு மேலே ஒரே மாதிரி விளக்குதான்: பளபளக்கும் பித்தளை நிறப் பட்டை, அதில் வரிசையாக உருண்டை பல்புகள். நடிகர்களின் ஒப்பனை அறைச் சாயல். இன்று அந்த வீட்டை வாங்குகிறவர்களுக்கு அதைக் கண்டாலே ஆவதில்லை. ஆனாலும் பலர் அதைத் தூக்கி எறியாமல் ஸ்பிரே பெயிண்ட் வாங்கி வருகிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான், பட்டையை மாற்றினால் பின்சுவரில் மறைந்திருக்கும் ஓட்டையும் பழைய பெயிண்டும் பல்லிளிக்கும்.

பெயிண்ட் அடிப்பது சுலபம், அதற்கு முந்தைய வேலைதான் பாடு. பிரேக்கரை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே பட்டையை இறக்க வேண்டும். ஹேர் ஸ்பிரேயும் தூசியும் சேர்ந்த பிசுக்கைச் சோப்பு நீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, உலோகத்துக்கான பிரைமர் பூச வேண்டும். இதில் அவசரப்பட்டால் நீராவி பட்டுப் பெயிண்ட் உரியும். ஹோல்டர்களுக்குள் பெயிண்ட் போகாமல் அடைப்பதும் முக்கியம்.

பிறகு மெல்லிய பூச்சுகள், ஒன்றன்மேல் ஒன்றாக.

மங்கலான கறுப்பு இப்போதைய மோகம். அதன் விளிம்புகளில் 'ரப் அண்ட் பஃப்' என்ற மெழுகுப் பசையை விரலால் தேய்த்தால் பழம்பொன் சாயல் எட்டிப் பார்க்கும். வெறும் கறுப்பைவிட இதுவே அழகு. 60 வாட் குண்டு பல்புக்குப் பதில் 9 வாட் எல்இடி போட்டால் சூடும் குறையும். ஒயரின் உறை நொறுங்கியிருந்தால் மட்டும் பெயிண்டை மறந்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதே சரி.